அசுவினி நட்சத்திரத்துக்கு எட்டி மரம்: வீட்டில் நடலாமா?

செம்மண்காடு | சனி, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். மதுராந்தகம் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி இருபது சென்ட் சும்மா கிடக்கிறது. பையன் அசுவினி நட்சத்திரம். நர்சரியில் 27 நட்சத்திரத்துக்கும் மரப்பட்டியல் ஒட்டி வைத்திருந்தார்கள். அசுவினிக்கு நேராக எட்டி. நானும் யோசிக்காமல் ஒரு கன்று வாங்கி வந்துவிட்டேன்.

வாசலில் வைத்ததுதான் தாமதம், அம்மா பிடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் வெட்டிப் போடுற மரத்தை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? பழத்தைத் தொட்டாலே சாவு" என்று ஒரே சத்தம். நர்சரிக்காரரோ "கோயில்லயே வைக்கிறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். பையனுக்கு ஆறு வயது. வீட்டில் ஒரு நாயும் நாலு ஆடும் உண்டு. உண்மையில் எவ்வளவு ஆபத்து? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கேள்விக்குறி | சனி, காலை 8:02

"எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று பழமொழியே இருக்கிறதே அண்ணா. குறளிலும் "நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று" என்று வருகிறது. திருவள்ளுவரே வேண்டாம் என்ற பிறகு நர்சரிக்காரர் பேச்சைக் கேட்கலாமா?

---

வேலியோரம் | சனி, காலை 8:31

குறள் நச்சு மரம் என்று மட்டும்தான் சொல்கிறது தம்பி, எட்டி என்று சொல்லவில்லை. எட்டியாக இருக்கலாம் என்பது நம் ஊகம். அதோடு அங்கே திட்டு விழுவது மரத்துக்கு இல்லை, ஒருவரும் விரும்பாத பணக்காரனுக்கு.

செம்மண்காடு, புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் மிஞ்சியிருக்கிற கோயில் காடுகளில் இருபது வருடமாகச் சுற்றுகிறேன். காசான், வீரை இவற்றோடு எட்டி அங்கே சாதாரண மரம். அதன் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறேன். தொட்டால் சாவு என்பதெல்லாம் இல்லை. கட்டை கடினமானது, கசப்பானது, கரையான் ஏறாது. இலை எதிரெதிராக இருக்கும், நல்ல பளபளப்பு. அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்புகள் விரல் விரித்தது போலக் கிளம்பும். இதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் அப்புறம் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

சிக்கல் பழத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழுத்தால் அசல் கமலா ஆரஞ்சு நிறம். ஓடு வழவழவென்று கெட்டியாக இருக்கும். உடைத்தால் வெள்ளையாக வழுவழுப்பான சதை, அதற்குள் சில கொட்டைகள். சதையை இருவாச்சியும் குரங்கும் தின்கின்றன. ஆனால் எதுவும் கொட்டையைக் கடித்து நான் பார்த்ததில்லை. மரத்துக்கு வேண்டியதும் அதுதானே? சதை கூலி, கொட்டை சரக்கு. சரக்கைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது போட்டால் போதும், உடைக்கக் கூடாது.

ஆறு வயதுப் பையன் குரங்கைப் போல விவரமாக இருப்பானா என்பதுதான் என் கேள்வி.

---

இரவுப்பணி | சனி, காலை 9:15

அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன். வேலியோரம் அண்ணா சொன்னது சரி. நிற்கிற மரம் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆபத்து கொட்டையில் இருக்கிறது. அதுவும் இடித்த, அரைத்த, பொடித்த கொட்டையில். முழுசாக விழுங்கிய கொட்டை அதன் கெட்டித் தோலால் அப்படியே வெளியே வந்துவிடுவதும் உண்டு. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, மென்றானா விழுங்கினானா என்று குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

உள்ளே இருப்பது ஸ்ட்ரிக்னின். கூடவே அதன் தம்பி மாதிரி புரூசின். ஸ்ட்ரிக்னின் நரம்பு நஞ்சு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயம் இன்னும் சரியான இடத்தில் நிற்கும்.

முழங்கையை மடக்குங்கள். மேல்புறத் தசை இறுகும்போது பின்புறத் தசை தளர வேண்டும், இல்லாவிட்டால் கை மடங்காது. "நீ இப்போது சும்மா இரு" என்று பின்புறத் தசையின் நரம்புக்கு முதுகுத்தண்டு ஒரு சேதி அனுப்புகிறது. அந்தச் சேதியைக் கொண்டுபோகிற பொருள் கிளைசின். ஸ்ட்ரிக்னின் போய் கிளைசின் உட்காரும் இருக்கையில் தான் உட்கார்ந்துகொள்கிறது. சேதி போய்ச் சேராது. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். முதுகுத் தசைகளுக்கு வலு அதிகம் என்பதால் உடம்பு பின்பக்கமாக வில் போல வளையும். தாடை இறுகிப் பல் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கும். கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் இறுகிவிடுவதுதான் ஆளைக் கொல்வது.

இதில் கொடுமை என்னவென்றால் மூளை தெளிவாக இருக்கும். காக்காய் வலிப்பில் நினைவு தப்பிவிடும். இதில் தப்பாது. கதவு சாத்தும் சத்தம், யாரோ தொட்டது, வெளிச்சம், எதுவும் அடுத்த இழுப்பைத் தூண்டும்.

---

கேள்விக்குறி | சனி, காலை 9:28

அக்கா, இது தனுர்வாதம் மாதிரியே இருக்கிறதே? துருப்பிடித்த ஆணி குத்தினால் வருவது.

---

இரவுப்பணி | சனி, காலை 9:41

நல்ல கேள்வி. கிட்டத்தட்ட ஒரே கதைதான், கதவு மட்டும் வேறு. தனுர்வாதக் கிருமியின் நஞ்சு கிளைசினை வெளியே விடாமல் அனுப்புகிற இடத்திலேயே தடுக்கிறது. ஸ்ட்ரிக்னின் வாங்குகிற இடத்தில் தடுக்கிறது. தனுர்வாதம் வர நாட்கள் ஆகும், இரண்டு இழுப்புகளுக்கு நடுவிலும் தசை இறுகியே இருக்கும். எட்டிக்கொட்டை நஞ்சு பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள் காட்டிவிடும். இழுப்பு விட்டதும் தசை தளரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

---

ஆய்வகத்தூசி | சனி, காலை 10:20

வேதியியல்காரனாக நானும் கொஞ்சம் சொல்கிறேன். 1818இல் பாரிஸில் பெல்லெத்தியேயும் காவந்துவும் இதைப் பிரித்தெடுத்தார்கள். எடுத்தது நம் எட்டியிலிருந்து இல்லை, அதன் பிலிப்பைன்ஸ் உறவான இக்னேஷியஸ் கொட்டையிலிருந்து. அதே இருவர்தான் 1820இல் சிங்கோனா பட்டையிலிருந்து குயினினையும் எடுத்தவர்கள். புரூசின் 1819. அந்தப் பெயரே ஒரு தப்பில் பிறந்தது. எட்டிப் பட்டையை வேறொரு மரத்தின் பட்டை என்று நினைத்து, அந்த மரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிரித்து எடுத்தாயிற்று, ஆனால் உள்ளே அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ராபர்ட் ராபின்சன் 1946இல் அமைப்பைச் சொன்னார். 1954இல் உட்வர்ட் அதைச் சோதனைச் சாலையில் முழுக்கக் கட்டிக் காட்டினார். இருபத்தொரு கார்பன் மட்டுமே உள்ள ஒரு மூலக்கூறு, அதற்குள் ஏழு வளையங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு. படித்த காலத்தில் அதைத் தாளில் வரைவதற்கே எனக்கு நாலு தாள் வீணாகும்.

மரம் இதை எப்படிச் செய்கிறது என்பது அதற்கும் பிறகு, 2022இல்தான் முழுசாகத் தெரிந்தது. ஜெர்மனியில் யேனா நகரத்து மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் சாரா ஓ'கானரின் குழு, எட்டியையும் அதே பேரினத்தில் ஸ்ட்ரிக்னின் செய்யாத இன்னொரு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எந்த மரபணு எந்தப் படியைச் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். கடைசிப் படிக்கு மட்டும் நொதி கிடைக்கவே இல்லை. தேடிப் பார்த்தால் அந்தப் படிக்கு நொதியே வேண்டாமாம். அதற்கு முந்தின பொருள் தானாகவே மெல்ல ஸ்ட்ரிக்னினாக மாறிவிடுகிறது. மரம் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறது, தயிர் தானாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

வன்னிக்காட்டான் | சனி, நண்பகல் 12:05

எங்கட பக்கம் இதைக் காஞ்சூரை என்றுதான் சொல்லுறது. வவுனியா வடக்கில் காஞ்சூரமோட்டை என்றே ஊர் இருக்கு. சிங்களத்தில் கொட கதுரு. அம்மம்மா கைத்துப் போன பாகற்காய்க் கறியைக் கூட "காஞ்சூரை மாதிரிக் கிடக்கு" என்று தள்ளி வைப்பா.

கேரளத்தில் காஞ்சிரம். காஞ்சிரப்பள்ளி என்ற ஊர்ப் பெயரும் இந்த மரத்தாலதான் வந்தது என்று சொல்லுவினம். இவ்வளவு ஊருக்குப் பெயர் குடுத்த மரத்தைக் கண்டு ஏன் பயப்படுறீங்கள் தம்பி? தெரிந்த மரம், அதனால்தான் பெயர் வச்சிருக்கினம். தெரியாத மரம்தான் ஆபத்து.

---

பழைய_கம்பவுண்டர் | சனி, பிற்பகல் 3:30

எனக்கு எழுபத்தாறு வயது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலமாரியில் ஈஸ்டன் சிரப் என்று ஒரு சத்து டானிக் இருக்கும். இரும்பு, குயினின், ஸ்ட்ரிக்னின், மூன்றும் சேர்ந்தது. ஆமாம், நீங்கள் இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருக்கிற அதே ஸ்ட்ரிக்னின்தான். ஜுரம் விட்டு எழுந்தவர்களுக்குப் பசி எடுக்க, தெம்பு வர என்று எழுதித் தருவார்கள். அளவுக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து ஊற்றும்போது என் சீனியர் பக்கத்திலேயே நிற்பார். "பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றாதே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அடியில் படிந்தது எல்லாம் கடைசி வேளைக்காரன் வயிற்றில் போய்விடும் என்ற பயம். கொஞ்சமாகக் கொடுத்தால் நரம்பு சுறுசுறுப்பாகிறது என்று நம்பினார்கள். உண்மையில் நடந்தது, அனிச்சைச் செயல் கூடியது. அதைத் தெம்பு என்று எண்ணிக்கொண்டார்கள்.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான் கதை தெரியுமா? தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு ஓட்டத்தின் நடுவில் அவருடைய ஆட்களே ஸ்ட்ரிக்னினை முட்டை வெள்ளைக்கருவில் கலந்து கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். கடைசியில் கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவருக்குத்தான் தங்கம். முதலில் வந்தவர் பாதி தூரம் காரில் வந்திருந்தார், அதனால் அவரை நீக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் காரில் வருவதுதான் தப்பு, ஸ்ட்ரிக்னின் தப்பில்லை.

---

ஆய்வகத்தூசி | சனி, பிற்பகல் 3:52

ஐயா, இப்போது அது தடை செய்யப்பட்ட ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2016 ரியோவில் கிர்கிஸ்தான் பளுதூக்கும் வீரர் இசாத் ஆர்திகோவின் வெண்கலத்தைப் பறித்ததே இதற்காகத்தான்.

---

அரைகுறை | சனி, மாலை 5:10

எலி மருந்தில் போடுவதும் இதுதானே? எத்தனை கொட்டை இடித்துப் போட்டால் ஒரு பெருச்சாளிக்குப் போதும்? எங்கள் குடோனில் தொல்லை தாங்கவில்லை.

---

நெறியாளர் | சனி, மாலை 5:18

அளவு, இடிக்கும் முறை, எதில் கலப்பது ஆகியவை இந்த இழையில் வேண்டாம். மீறினால் பதிவு நீக்கப்படும். எலிக்குத் தனி இழை இருக்கிறது. பொறி வைப்பது பற்றி அங்கே நூறு பதிவுக்கு மேல் உண்டு.

---

இரவுப்பணி | சனி, மாலை 5:40

நெறியாளருக்கு நன்றி. எலிக்கு வைத்ததை நாய் தின்னும், செத்த எலியைக் காக்காயும் பூனையும் தின்னும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006இலிருந்தே இதை இப்படிப் பயன்படுத்தத் தடை.

இன்னொன்று. சில பேர் தனிச்செய்தியில் அரளி விதையையும் ஒதளங்காயையும் இதோடு சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அவை இதயத்தைத் தாக்குபவை. வழி வேறு, அறிகுறி வேறு, சிகிச்சை வேறு. அதனால்தான் எதைத் தின்றார் என்று தெரிந்தால் அந்தக் காயையோ இலையையோ ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்கிறோம்.

---

செம்மண்காடு | சனி, இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. கன்று விஷயத்தில் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன். ஆனால் இப்போது வேறு ஒன்று கிளம்பியிருக்கிறது.

இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கொட்டை எப்படி இருக்கும் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்து போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே அதே கொட்டைகள். முழங்கால் வலிக்குப் போன மாதம் சந்தையில் ஒருவர் கொடுத்தாராம். நெய்யில் வறுத்துப் பொடி பண்ணி வெந்நீரில் குடிக்கச் சொன்னாராம். "இது என்னன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல" என்கிறார்.

இன்னும் குடிக்கவில்லை. ஆடி கழியட்டும் என்று வைத்திருந்தாராம். கை கால் உதறுகிறது எனக்கு.

கொட்டையைக் கையில் வைத்துப் பார்த்தேன். பழைய நாலணாவைக் கொஞ்சம் தடிமனாக்கினது போல வட்டம். ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது, நடுவில் ஒரு புள்ளி. மேலே சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி மெல்லிய முடி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படுத்திருக்கிறது. விரலால் தடவினால் ஒரு பக்கம் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் லேசாகத் தடுக்கிறது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

---

இரவுப்பணி | சனி, இரவு 9:01

முதலில் டப்பாவை மூடி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எத்தனை கொட்டை கொடுத்தார், இப்போது எத்தனை இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். இப்போதே.

---

சூரணம் | சனி, இரவு 9:20

சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்கிறேன். இதற்கு நான் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

எட்டிக்கொட்டை எங்கள் மருத்துவத்தில் உண்டு, மறைக்கவில்லை. வாதம், வலி, நரம்புத் தளர்ச்சிக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறோம். ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஓமியோபதியில் நக்ஸ் வாமிகா என்பதும் இதே கொட்டையிலிருந்து தயாராவதுதான், கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாத அளவுக்குக் கரைத்துக்கொண்டே போவார்கள். ஆனால் சுத்தி செய்யாத எட்டிக்கொட்டையை எந்தச் சித்த மருத்துவரும் உள்ளுக்குக் கொடுக்க மாட்டார். சுத்தி என்பது பாட்டி கடுகு தாளிக்கிற வேலை இல்லை. நாள் கணக்கில் நடக்கும், தோலும் முளையும் நீக்க வேண்டும், பிறகும் தனியாகக் கொடுப்பதில்லை. முக்கியமானது இது: சுத்தி செய்தால் நஞ்சு குறைகிறது, போய்விடுவதில்லை. அதனால்தான் மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் விதிகளின் ஈ-1 அட்டவணையில் நச்சுப் பொருள்களோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். இது சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சந்தையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறவர் என்ன அச்சிடுவார்?

அம்மாவின் முழங்கால் வலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, திங்கட்கிழமை கூட்டிப் போங்கள். அவரைத் திட்டாதீர்கள். வலி வந்த மனுஷிக்கு யார் எதைக் கொடுத்தாலும் வாங்கத்தான் தோன்றும்.

---

செம்மண்காடு | சனி, இரவு 9:47

பதினொன்று கொடுத்தாராம். அம்மாவுக்குக் கணக்கு தப்பாது. டப்பாவில் பத்துதான் இருக்கிறது.

---

இரவுப்பணி | சனி, இரவு 9:49

பையன் எப்படி இருக்கிறான்? நாய்?

---

செம்மண்காடு | சனி, இரவு 9:52

பையன் எட்டரைக்கே தூங்கிவிட்டான், சாதாரணமாகத்தான் இருக்கிறான். நாய் வாசலில் படுத்திருக்கிறது. அம்மா டப்பாவைக் கடைசியாகத் திறந்தது பத்து நாளுக்கு முன்பாம். வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

---

இரவுப்பணி | சனி, இரவு 9:58

சரி. இன்றைக்கு யாரும் தின்றிருந்தால் இந்நேரத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தேடி எடுங்கள். இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிடுங்கள், இழுப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்திப் போராட்டமே இழுப்பைத் தூண்டிவிடும், புரையும் ஏறும். கூட்டம் கூடி ஓவென்று அழுவது, உலுக்கி எழுப்புவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் கரண்டி திணிப்பது எதுவும் கூடாது. விளக்கைக் குறைத்து, சத்தமில்லாமல் வைத்திருங்கள்.

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. ஆனால் நேரத்தோடு வந்தால் காப்பாற்ற முடியும். இழுப்பை அடக்க டயஸிபாம் போன்ற மருந்துகள், அதற்கும் அடங்காவிட்டால் தசைகளை முழுக்கத் தளர்த்திவிட்டு வென்டிலேட்டர். உடம்பு நஞ்சை வெளியேற்றும் வரை மூச்சை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

---

ஆய்வகத்தூசி | சனி, இரவு 10:15

தசையைத் தளர்த்தும் மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரேயில் ஒரு வகையும் எட்டியின் பேரினமான ஸ்ட்ரிக்னாஸ் செடிகளிலிருந்தே வருகிறது. அதன் வேலை நேர் எதிர், தசை துவண்டு போகும். ஒரே பேரினம், ஒன்று இழுத்துக் கொல்கிறது, இன்னொன்று தளர்த்திக் கொல்கிறது. மயக்க மருத்துவர்கள் இன்று பயன்படுத்தும் தசைத் தளர்த்திகளின் வரலாறு குராரேயிலிருந்துதான் தொடங்குகிறது.

டாக்டர், கரித்தூள்? 1831இல் டூயெரி என்ற பிரெஞ்சு மருந்தாளர் ஸ்ட்ரிக்னினைக் கரித்தூளோடு கலந்து தானே விழுங்கிப் பிழைத்துக் காட்டியதாக ஒரு கதை உண்டு.

---

இரவுப்பணி | சனி, இரவு 10:22

அந்தக் கதையைக் கல்லூரியில் எல்லாப் பேராசிரியர்களும் சொல்வார்கள். கரித்தூள் இன்றும் கொடுக்கிறோம், ஆஸ்பத்திரியில், அதற்கென்று தயாரித்தது. அடுப்புக்கரியை யாரும் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

---

செம்மண்காடு | ஞாயிறு, காலை 6:30

கிடைத்துவிட்டது.

ராத்திரி பதினொன்றரைக்கு என் மனைவிக்குத்தான் தோன்றியது. பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் கவிழ்த்தாள். சோழியோடும் புளியங்கொட்டையோடும் அது உட்கார்ந்திருந்தது. காலையில் பையனைக் கேட்டால், "ஆயா டப்பால காசு இருந்துச்சு, ஒண்ணுதான் எடுத்தேன்" என்கிறான். ஒரு வாரமாக அதை வைத்துத்தான் விளையாடியிருக்கிறான். பல்லாங்குழியில் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வேறு வைத்திருக்கிறான். கடித்த தடம் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் முடி தேய்ந்திருக்கிறது. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுது, அவனும் எதற்கென்று தெரியாமல் அழுது, ஒருவழியாக இப்போதுதான் காபி குடிக்கிறோம்.

---

வேலியோரம் | ஞாயிறு, காலை 7:05

நல்ல வேளை. கசப்பு ரொம்பக் கடுமை, நாக்கில் பட்டாலே துப்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கெட்டித்தோலுக்கு வெளியே கசப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதை மறக்காதீர்கள்.

கன்று விஷயம்: எரிக்க வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். உங்கள் பக்கம் ஏரிக்கரையிலோ கோயில் காட்டிலோ ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, சொல்லிவிட்டு நட்டுவிடுங்கள். அது காட்டு மரம். அங்கே அதற்குத் தின்ன வருகிற ஆளும் உண்டு, வாழ இடமும் உண்டு.

வீட்டுக்கு வேண்டுமானால் அதன் உறவுக்காரனை வையுங்கள். தேற்றா மரம். அதுவும் ஸ்ட்ரிக்னாஸ் பேரினம்தான், ஆனால் கொட்டையில் ஸ்ட்ரிக்னின் இல்லை. எங்கள் வீட்டில் ஏரித் தண்ணீர் கலங்கி வரும் மழைக்காலத்தில் பாட்டி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை வட்டமாக உரசுவாள். கரகரவென்று சத்தம் வரும். தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் போனால், காலையில் அடியில் சேறு தனியாக, மேலே தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். கொட்டையிலிருந்து வருகிற பொருள் மண் துகள்களைத் திரட்டிக் கனமாக்கி இறக்குகிறது. கிருமி முழுக்கப் போய்விடாது, அதனால் பாட்டி அதற்கு மேல் காய்ச்சவும் செய்வாள்.

---

கேள்விக்குறி | ஞாயிறு, காலை 7:30

இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டால்? நாட்டு மருந்துக் கடையில் தேற்றான் கேட்டு எட்டி கொடுத்தால்?

---

சூரணம் | ஞாயிறு, காலை 7:48

பார்த்தாலே தெரியும். தேற்றாங்கொட்டை சின்னது, சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டு தடித்திருக்கும். எட்டி அதைவிடப் பெரியது, நாணயம் மாதிரித் தட்டை. பழத்திலும் குழப்பம் வராது. தேற்றாம்பழம் பழுத்தால் கறுப்பு, உள்ளே ஒரே கொட்டை. எட்டி ஆரஞ்சு நிறம். ஆனால் பொடியாக்கிவிட்டால் யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. அதனால் பொடியாக எதையும் வாங்காதீர்கள்.

---

ஆய்வகத்தூசி | ஞாயிறு, காலை 8:10

ஒரு கொசுறு. தேற்றாங்கொட்டையில் இருக்கும் முக்கியமான ஆல்கலாய்டுக்கு டயாபோலின் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். யேனாக்காரர்கள் எட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த செடியும் இதே டயாபோலினைச் செய்கிற ஒன்றுதான். பாதி வழி வரை இரண்டும் ஒரே பாதையில் போகின்றன, அப்புறம் பிரிகின்றன.

பொடி பற்றிச் சூரணம் ஐயா சொன்னதற்கு: கண்ணால் முடியாது, கந்தக அமிலத்தால் முடியும். தடயவியல் ஆய்வகங்களில் பழைய முறை ஒன்று உண்டு. ஸ்ட்ரிக்னின் படிந்த வெள்ளைப் பீங்கானில் கந்தக அமிலம் விட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் படிகத்தை ஓரமாக இழுத்தால், இழுத்த வழியில் கத்தரிப்பூ நிறம் ஓடும். சில நொடிகளில் சிவந்து மங்கிவிடும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

---

செம்மண்காடு | செவ்வாய், இரவு 9:10

கடைசியாக ஒரு தகவல். நேற்று அம்மாவைச் சித்தப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். டப்பாவோடு பதினொன்றையும் அங்கேயே ஒப்படைத்தாயிற்று. டாக்டரம்மா கொட்டையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கொடுத்தாங்க, எத்தனை இருக்கு?" என்பதுதான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முழங்காலுக்குத் தடவ ஒரு தைலமும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள்.

கன்றை ஏரிக்கரை ஐயனார் கோயிலுக்குப் பின்னால் நட்டுவிட்டேன். பூசாரி, "அங்க ஏற்கெனவே ரெண்டு எட்டி நிக்குதே, கவனிக்கலயா?" என்றார். முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கோயிலுக்குப் போகிறேன். கவனித்ததில்லை. இலையைப் பிடித்துப் பார்த்தேன், அடியிலிருந்து ஐந்து நரம்பு.

தேற்றா கன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நர்சரிக்காரர் பட்டியலில் அது எந்த நட்சத்திரத்துக்கும் இல்லையாம், அதனால் வைப்பதில்லை என்கிறார்.

---

புதுவரவு | வியாழன், மாலை 4:45

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கச்சேரியில் வாசிக்கும் கஞ்சிரா இந்தக் காஞ்சிர மரத்தில் செய்வதா? தொட்டு வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாதா?

---

வேலியோரம் | வியாழன், மாலை 5:20

அது பலாமரம் தம்பி. தோல் உடும்புத் தோலாக இருந்தது. செம்மண்காடு, தேற்றா என்னிடம் மூன்று கன்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு திண்டிவனம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.